கொடுத்தாச்சு

எங்கள் வீட்டில் விடிந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி, "உச்சா என்ன கலர்?" கேட்பவள் என் மனைவி. பதில் சொல்ல வேண்டியவன் நான். சம்பந்தப்பட்டவள் ஜில்லு, 7 வயது காக்கர் ஸ்பேனியல், 12 கிலோ எடை, தேன் நிறம், தரையைக் கூட்டிப் பெருக்கும் காதுகள். வெளிர் மஞ்சள் என்று சொன்னால் காபி வரும். ஆரஞ்சு என்று சொன்னால் காபி வராது, அவளே மாடியேறி வந்து பார்ப்பாள். என் கண் மேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. அதற்குக் காரணம் இருக்கிறது.

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்வது என் பிழைப்பு. ரேஷன் கடை இருப்பில் சர்க்கரை இரண்டு கிலோ குறைந்தால் விளக்கம் கேட்டு ஓலை அனுப்புகிறவன். அப்பேர்ப்பட்டவனின் வீட்டில், கண்ணெதிரே, ஒரு நாயின் சிவப்பணுக்களில் முக்கால்வாசி காணாமல் போயிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

கத்திரி வெயில் சமயம். மாடிப்படியில் ஜில்லு பாதியிலேயே உட்கார்ந்தாள். "மனுஷனாலேயே முடியல, அது என்ன பண்ணும்" என்றேன். ராத்திரிச் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்தாள். "வெயிலுக்குப் பசிக்காது" என்றேன். கண் பட்டிருக்கும் என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். அவளாவது ஏதோ செய்தாள். மறுநாள் காலை மொட்டை மாடியில் ஒரு திட்டு, டிகாக்‌ஷன் நிறத்தில். அம்மா கோலத்துக்கு இட்ட காவிதான் கரைந்து ஓடியிருக்கிறது என்று முடிவுகட்டி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். அம்மா முட்டிவலியால் மாடிப் பக்கம் வந்தே வருஷக்கணக்காகிறது. என் துறையில் இதற்கு ஆவணத்தை அழித்தல் என்று பெயர். சஸ்பென்ஷன் நிச்சயம்.

மகள்தான் கண்டுபிடித்தாள். ஜில்லு கொட்டாவி விட்டபோது வாயைப் பார்த்துவிட்டு, "அப்பா, இவ ஈறு ஏன் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு?" என்றாள். அரை மணி நேரத்தில் டாக்டரம்மா முன்னால் நின்றோம்.

"உண்ணி ஏதாவது பார்த்தீங்களா சார்?"

"எங்க வீட்டு நாய்க்கு உண்ணியா? மாசாமாசம் மருந்து போடுறோம் டாக்டர்."

டாக்டரம்மா பதில் பேசாமல் ஜில்லுவின் முன்னங்கால் விரல்களை விரித்தார். இடுக்கியால் ஒன்றைப் பிடுங்கி வெள்ளைத் தாளில் வைத்தார். சாம்பல் நிறத்தில், என் செலவில், நன்றாக உப்பியிருந்தது. காதின் உள்மடிப்பிலிருந்து இன்னொன்று வந்தது. மாசாமாசம் என்று நான் சொன்னதில் பங்குனி விட்டுப்போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாசியும் சந்தேகம்தான்.

பிறகு அவர் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம், அதன்மேல் உப்புநீர். தகட்டை இப்படியும் அப்படியும் சாய்த்தார். சீராகப் பரவ வேண்டிய சிவப்பு, குருணை குருணையாகத் திரண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் உப்புநீர் விட்டார், கலையவில்லை. "செல்லெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்குது பாருங்க." அடுத்து ஈர்க்குச்சி அகலமுள்ள ஒரு கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி மெஷினில் சுழலவிட்டார். சிவப்பணுக்கள் அடியில் தங்கும். குழாயில் இருக்கும் ரத்தத்தில் அவை நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதுதான் பி.சி.வி. நாய்க்கு 37 முதல் 55 வரை இருக்க வேண்டும். ஜில்லுவுக்கு 13. மேலே தெளிந்து நின்ற நீரில் மஞ்சள் ஏறியிருந்தது.

"வேலியே பயிரை மேயுது சார்" என்றார்.

நோய்க்கு ஐ.எம்.எச்.ஏ. என்று நான்கெழுத்துப் பெயர். கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, சொந்தச் சிவப்பணுவையே அந்நியன் என்று முத்திரை குத்துகிறது. முத்திரை விழுந்ததை மண்ணீரலும் கல்லீரலும் பிடித்து விழுங்குகின்றன. சில அணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்து, அவற்றின் சாயம் சிறுநீரில் இறங்குகிறது. நான் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவியது அதைத்தான். நல்லபடியாக இருக்கும் நாயின் சிவப்பணு 100 நாளுக்கு மேல் ஓடியாடும். இந்த நோயில் அது சில நாளிலேயே முடிந்துவிடுகிறது. எலும்பு மஜ்ஜை சுதாரித்துக்கொண்டு புது அணுக்களை அனுப்பத் தொடங்கவே மூன்று நான்கு நாள் பிடிக்கும். எதனால் வருகிறது என்றே பல நாய்களில் தெரிவதில்லை. காக்கர் ஸ்பேனியல்களிடம் இது கொஞ்சம் கூடுதலாகக் காணப்படும். ஜில்லு விஷயத்தில், உண்ணி கடத்துகிற எர்லிக்கியா கிருமிக்கும் பரிசோதனைக் கிட்டில் கோடு விழுந்தது. இதுதான் தூண்டியது என்று அடித்துச் சொல்ல முடியாது, இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. போனில் தேடித் தேடிப் படித்தேன். பால் எர்லிக் என்று ஒரு ஜெர்மன் மேதை, 1908-இல் நோபல் வாங்கியவர். 1900 வாக்கில் ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் ரத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். பிற ஆட்டின் சிவப்பணுவை உடைக்கும் பொருள் ரத்தத்தில் உண்டாயிற்று. அது தன் சொந்த அணுவை மட்டும் தொடவில்லை. உடம்பு தன்னைத்தானே தாக்க அஞ்சும் என்ற கருத்துக்கு லத்தீனில் ஒரு பெயரும் சூட்டினார். வெகுகாலம் மருத்துவ உலகம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1945-இல் ஒரு கிருமிக் குடும்பத்துக்கு அவர் நினைவாகப் பேர் வைத்தார்கள். அந்தக் கிருமிதான் எர்லிக்கியா! உடம்பு தன்னைத் தாக்காது என்றவரின் பெயரைத் தாங்கிய கிருமி, உடம்பைத் தனக்கு எதிராகவே ஏவிவிட்டுப் போகிறது. கண்டுபிடித்த பரவசத்தில் மனைவியை எழுப்பிச் சொன்னேன். மணி ஒன்று இருக்கும். முழுக்கக் கேட்டுவிட்டு, "காலைல ஆஸ்பத்திரிக்குப் பணம் எடுத்து வச்சீங்களா?" என்றாள்.

எடுத்து வைக்கவில்லை.

ரத்தம் ஏற்றத்தான் அந்தப் பணம். வேப்பேரியில் 1903-இலிருந்து இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, அங்கே நாய்களுக்கும் ரத்த வங்கி உண்டு. ரத்தம் கொடுக்க நாய் ஏற்பாடு செய்யும் பொறுப்பை நானே வலியக் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவருடைய பொமரேனியனுக்கு சம்மதம் வாங்கினேன். அதன் எடை 6 கிலோ. கொடுக்கிற நாய் 25 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், நடு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, தடுப்பூசிகள் சரியாகப் போட்டிருக்க வேண்டும், உண்ணிக் காய்ச்சல் இருக்கவே கூடாது. இதெல்லாம் டாக்டரம்மா கொடுத்த சீட்டில் எழுதியிருந்தது. நான் அதை மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தேன்.

கடைசியில் மகள்தான் தன் தோழி மூலம் டைசனைப் பிடித்தாள். ஓட்டேரியில் ஐஸ் வண்டி ஓட்டும் ஒரு தம்பியின் லாப்ரடார். மேஜை மேல் ஏற்றியதும் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. கழுத்து முடியை மழித்து, ஊசியைச் செருகி, கீழே பையைத் தொங்கவிட்டார்கள். அந்தத் தம்பி அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே ஏதோ சினிமா கதை சொன்னார். டைசன் வாலைக்கூட நிறுத்தவில்லை. பை பாதி நிறைந்தபோது எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ரத்தம் கொடுக்கிற நாய்க்கென்று எடுத்து வைத்திருந்த பிஸ்கட்டில் முதல் இரண்டு எனக்குப் போயின.

நாய்களுக்கு ரத்த வகை ஒரு டஜனுக்கு மேல் உண்டாம். அதில் டி.இ.ஏ. ஒன்று என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். பொருத்தம் பார்த்து, மெதுவாக, ஆனால் நாலு மணி நேரத்துக்கு மிகாமல் ஏற்றி முடித்தார்கள். சாயங்காலம் ஜில்லு தலையைத் தூக்கினாள். நான் அந்தத் தம்பியின் சட்டைப் பையில் ரூபாய் நோட்டுகளைத் திணித்தேன். அவர் அதை எடுத்து, எண்ணிக்கூடப் பார்க்காமல், என் பையில் திருப்பித் திணித்தார். "சார், ரத்தத்துக்குப் போயி காசு கொடுக்கிறீங்களே. ஒரு நாள் வீட்டுக்கு வந்து அவனுக்குக் கறி எடுத்துப் போடுங்க, போதும்." ஞாயிற்றுக்கிழமையே வருகிறேன் என்றேன். ஓட்டேரி எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இன்னும் போகவில்லை.

ஏற்றிய ரத்தம் நமக்கு அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். நோயை அடக்குவது மாத்திரை. ரத்தம் கொடுத்தது டைசன், நோயைப் பிடித்தது டாக்டரம்மா, கடன் வாங்கிப் பணம் கட்டியது மனைவி. குமாஸ்தா வேலை ஒன்றுதான் மிச்சம்: வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்து நோட்டில் எழுதுவது. இதற்கென்றே பிறந்தவன் நான் என்று வீட்டில் எல்லோரும் ஒருமனதாக நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கில் பிரட்னிசலோன், அதாவது வைசோலோன் 20-ம் 5-ம். அசோரான் 25, அதை உடைக்கவோ வெறுங்கையால் தொடவோ கூடாது. எர்லிக்கியாவுக்கு 28 நாள் டாக்சிசைக்ளின். அது தொண்டையில் ஒட்டினால் புண்ணாகும், கூடவே தண்ணீரோ சாப்பாடோ உள்ளே போக வேண்டும். வயிற்றுக்கு ஒன்று, வெறும் வயிற்றில். தட்டணுக்கள் ஏறிய பிறகு ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரெல் 75-இல் கால் மாத்திரை. இந்த நோயில் சோகையைவிட ரத்தக்கட்டிதான் அதிகம் உயிரை வாங்குகிறது என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து அந்தக் கால் மாத்திரை மேல் எனக்குத் தனி பக்தி. பக்தி கையில் இறங்கவில்லை. அரிவாள்மனையில் வைத்து அழுத்தினால் ஒரு கால் ஜன்னலுக்கு வெளியே போகும், ஒரு கால் பொடியாகும், மீதி எவ்வளவு என்று எனக்கும் அரிவாள்மனைக்கும் மட்டுமே தெரியும். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வெட்டும் பெட்டி கிடைக்கும் என்பது எனக்குத் தெரியவே பல வாரமாயிற்று.

மெடிக்கல் ஷாப் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்தெல்லாம் மனிதர்களுக்கான கடையில்தான் வாங்க வேண்டும். முதல் நாள் கடைப் பையன், "பேஷன்ட் பேரு?" என்றான். ஜில்லு என்றேன். "வயசு?" ஏழு என்றேன். அவன் முகம் மாறியது. "ஏழு வயசுக்கு இவ்வளவு ஸ்டீராய்டா? டாக்டர்கிட்ட நல்லா கேட்டீங்களா சார்?" அந்த இடத்தில் நாய் என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். "கேட்டாச்சு தம்பி, வேற வழியில்ல" என்றேன். குரல் கொஞ்சம் தழுதழுத்தும் விட்டது. பில்லில் பத்து சதவீதம் குறைத்தான். அடுத்த முறை, "பாப்பா எப்படி இருக்கா? ஸ்கூலுக்குப் போறாளா?" "வீட்லதான் இருக்கா." அதற்கடுத்த முறை, வேளாங்கண்ணிக்குப் போனபோது பாப்பாவுக்காக மெழுகுவத்தி ஏற்றியதாகச் சொன்னான். அதோடு அந்தத் தெருவை விட்டேன். இப்போது இரண்டு தெரு தள்ளி, தள்ளுபடி தராத கடையில் வாங்குகிறேன்.

அவனிடம் உண்மையைச் சொல்லாவிட்டாலும் இதையாவது சொல்லியிருக்கலாம். அசோரானில் இருக்கும் அசத்தியோப்ரின், கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸும் 1950-களில் உருவாக்கிய மருந்து. 1988-இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காக்க உதவுமா என்று பாஸ்டனில் ராய் கால்ன் என்ற இளம் அறுவை மருத்துவர் அதைச் சோதித்தது நாய்களிடம்தான். மாதக்கணக்கில் பிழைத்திருந்த ஒரு நாய்க்கு லாலிபாப் என்று பேர். மனிதர்கள் அதற்குப் பிறகுதான் வரிசையில் வந்தார்கள். நியாயமாகப் பார்த்தால் நாம்தான் நாய்களின் மருந்தை வாங்கித் தின்கிறோம்.

ஜில்லுவுக்கு இந்த வரலாறு தெரியாது. அவள் துப்பினாள். இட்லிக்குள் வைத்தால் இட்லியை மட்டும் மெல்லுவாள், தயிர்சாதத்தில் வைத்தால் தட்டு பளபளக்கும், மாத்திரை நடுவில் உட்கார்ந்திருக்கும். வாயைத் திறந்து நாக்கின் அடிவரை தள்ளி, மூடிப் பிடித்து, தொண்டையை நீவிவிட வேண்டும் என்று டாக்டரம்மா செய்து காட்டினார். மனைவி முதல் தடவையிலேயே கற்றுக்கொண்டாள். நான் தள்ளினால் மாத்திரை கன்னத்தில் ஒதுங்கும். ஜில்லு விழுங்கியதாக நடிப்பாள், நான் நம்பியதாக நடிப்பேன். அவள் சோபாவுக்குப் பின்னால் போய் ஒரு தும்மல் போடுவாள். தூசி என்று நினைத்துக்கொள்வேன்.

இனி பதிவேட்டுக்கு வருகிறேன். நீள நோட்டு ஒன்றில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன்: தேதி, மருந்து, அளவு, நேரம், கையொப்பம். தினமும் ஈறு, சிறுநீர், பசி என்று மூன்று கட்டம் தனியாக. அட்டையில் "அசல்" என்று சிவப்பு மையில் எழுதினேன். முதல் வாரம் யாராவது பார்த்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது வாரம், கொடுத்தபின் எழுதுவது போய், ராத்திரி மொத்தமாக உட்கார்ந்து எழுதுவது என்றாயிற்று. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும். அப்புறம், எப்படியும் கொடுக்கத்தானே போகிறோம் என்று, வருகிற நாளுக்கும் சேர்த்து "கொடுத்தாச்சு, கொடுத்தாச்சு" என்று எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

இதே காரியத்துக்காக ஒரு பால் சங்கச் செயலாளருக்கு நான் ஒருமுறை குறிப்பாணை கொடுத்திருக்கிறேன். காலையில் வந்த பாலின் அளவை முந்தின நாள் மாலையே எழுதிவிட்டார் மனிதர். "மாடு தினமும் அதே அளவுதான் சார் கறக்குது" என்றார். நான் சிரிக்கவில்லை.

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. குறிப்பாணை எல்லாம் கொடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, காலி அட்டைகளையும் மிச்ச மாத்திரைகளையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, நோட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு எண்ணினாள். நோட்டுப்படி தீர்ந்திருக்க வேண்டிய வைசோலோன், அட்டையில் மிச்சம் இருந்தது. சோபாவை நகர்த்தினாள். அங்கேயும் சில இருந்தன, உலர்ந்த இட்லித் துணுக்குகளோடு. "இருப்பு அதிகமா இருந்தாலும் தப்புதானே உங்க ஆபீஸ்ல?" என்றாள். தப்புதான். குறைவைவிட அதிகத்துக்குத்தான் நாங்கள் கூடுதலாகச் சந்தேகப்படுவோம். கடைசியாக நோட்டைத் திருப்பி ஒரு கட்டத்தைக் காட்டினாள். "இன்னிக்கு சனிக்கிழமை. ஞாயித்துக்கிழமை ராத்திரி மாத்திரையை எப்போ கொடுத்தீங்க?" கையொப்பம் என்னுடையதுதான், நன்றாகச் சுழித்துப் போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கான சிறுநீர் நிறம்கூட எழுதியிருந்தேன். வெளிர் மஞ்சள்.

அந்த வாரப் பரிசோதனையில் பி.சி.வி. இரண்டு புள்ளி இறங்கியிருந்தது. என்னால்தானா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இனிமே மேடம் கொடுக்கட்டும்" என்றார். மாத்திரை அதிகாரம் கைமாறியது. எனக்கு விடியற்காலை நிறம் பார்க்கும் வேலையும், ராத்திரி 2 மணி டியூட்டியும் ஒதுக்கப்பட்டன.

2 மணி டியூட்டி என்பது ஸ்டீராய்டின் கொடை. அதைச் சாப்பிடுகிற நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், குடித்ததை வெளியேற்ற வேண்டும், வீட்டுக்குள் போய்விட்டால் வெட்கப்பட்டு மூலையில் ஒண்டும். அலாரம் வைப்பேன். அலாரம் அடித்ததும் அதை அணைப்பது என் வேலை என்றும், எழுந்து ஜில்லுவைக் கூட்டிப் போவது மனைவியின் வேலை என்றும் எழுதாத ஒப்பந்தம் ஒன்று தானாகவே ஏற்பட்டுவிட்டது.

அதன் இன்னொரு கொடை பசி. விநாயகர் சதுர்த்தியன்று பிள்ளையாருக்கு வைத்த கொழுக்கட்டைத் தட்டு, அம்மா விளக்கேற்றத் திரும்பிய நேரத்தில் காலியானது. காவலுக்கு நின்றவன் நான். ஜில்லுவின் முதுகுச் சதை கரைந்து, வயிறு மட்டும் உருண்டு தொங்கியது. எதிர்வீட்டு மாமி கேட்டார், "எப்போ குட்டி போடும்? எனக்கு ஒன்னு எடுத்து வைப்பா." கருத்தடை ஆபரேஷன் ஆன நாய். பார்க்கலாம் மாமி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மாமி கூடை வாங்கி வைத்திருக்கிறாராம்.

ஈறு விவகாரத்தில் நான் காட்டிய உழைப்பை யாரும் குறைசொல்ல முடியாது. நல்ல ஈறு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். ரோஜாவிலும் எத்தனை ரோஜா? பெயிண்ட் கடைக்குப் போய் ஷேடு கார்டு வாங்கி வந்தேன். ஜில்லுவின் உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பொருத்திப் பார்ப்பேன். ஒப்பிட்டுப் பார்க்க என் ஈறு, மகளின் ஈறு, ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த அம்மாவின் ஈறு. ஒரு ராத்திரி பார்த்தால் வெளுப்பு. நெஞ்சு படபடக்க ஆட்டோ பிடித்து, ராத்திரி திறந்திருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பி.சி.வி. முந்தின வாரத்தைவிட ஏறியிருந்தது. டியூட்டி டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. "எங்க வச்சுப் பார்த்தீங்க?" ஹாலில் என்றேன். "என்ன லைட்?" அன்று காலைதான் பழைய டியூப்லைட்டைக் கழற்றிவிட்டுப் பளீரென்று ஒரு எல்.இ.டி. மாட்டியிருந்தேன்.

சாப்பாட்டு விஷயத்தில் அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு ஆசை. ரத்தம் ஊற பீட்ரூட், முருங்கைக்கீரை, மாதுளை என்று தினமும் ஒன்றை நீட்டினாள். இது இரும்புச் சத்து குறைந்து வந்த சோகை கிடையாது. உடைந்த அணுவின் இரும்பு பெரும்பாலும் உடம்பிலேயேதான் இருக்கிறது. அம்மாவுக்கு டாக்டரம்மாவே இதை விளக்கினார், அம்மாவும் தலையாட்டினாள், மறுநாள் பீட்ரூட் சாதம் போட்டாள். விடியற்காலையில் மாடியில் செஞ்சாயம். ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, பல்கூடத் துலக்காமல், கிளினிக் வாசலில் போய் நின்றேன். சோதித்துப் பார்த்தார்கள், ரத்தமில்லை. "நேத்து என்ன சாப்பிட்டா?" அம்மா பெயரைச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினேன்.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. அதே வாரம் ஆட்டு ஈரல் வாங்கி நானே சூப் வைத்தேன். சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு, மிளகு. கிண்ணத்தில் ஆற வைத்து ஜில்லுவின் முன்னால் நீட்டும்போது மனைவி பாய்ந்து வந்து பிடுங்கினாள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுவை உடைக்கும், நோயே இல்லாத நாய்க்கும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளில் முதல் வரி அது. ஒட்டியவன் நான். சூப்பை நானே குடித்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது பி.சி.வி. 38. வீட்டில் பாயசம். நான் டாக்டரம்மாவிடம், எல்லாம் சரியாகிவிட்டதே, ஸ்டீராய்டை நிறுத்திவிடலாமே என்று வாதாடினேன். கொழுக்கட்டை, 2 மணி டியூட்டி, மாமியின் கூடை எல்லாம் என் மனத்தில் இருந்தன. அவர் மசியவில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து, கால்வாசி குறைத்து, மறுபடி ரத்தம் பார்த்து, மறுபடி குறைத்து என்று மாதக்கணக்கில் இறங்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும். தவிரவும், வெளியிலிருந்து வருகிறதே என்று உடம்பின் சொந்தச் சுரப்பி இத்தனை நாளும் கடையைச் சாத்திவிட்டுத் தூங்குகிறது, அது விழிக்க நேரம் கொடுக்க வேண்டும். நாலு வாரத்துக்கு ஒரு முறையாவது நான் இதே வாதத்தைப் புதுப்பித்தேன். "சார் ரொம்ப அவசரப்படுறார்" என்று அவர் மனைவியிடம் சொல்வார்.

போன வாரம் பி.சி.வி. 44. ஒன்றுவிட்டு ஒரு நாள் அரை மாத்திரை, இரண்டரை மில்லிகிராம் வரைக்கும் இறங்கியிருந்தோம். டாக்டரம்மா சீட்டில் வைசோலோன் மேல் கோடு கிழித்தார். அசோரான் மட்டும் இன்னும் சில வாரம். "சந்தோஷமா சார்? நீங்க கேட்டதுதான்." சந்தோஷம் என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் மீட்டிங், சீக்கிரமே கிளம்பிவிட்டாள். ஜில்லு வாசலில் படுத்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு கொஞ்சம் வேகமாக இருப்பதாக எனக்குப் பட்டது. ஈறைப் பார்த்தேன், ரோஜாவாகத்தான் இருந்தது, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன். பெட்டியில் போட்டு அரை மாத்திரை வெட்டினேன், இந்த முறை சரிபாதியாக. நாக்கின் அடிவரை தள்ளி, வாயை மூடிப் பிடித்து, தொண்டையை நீவினேன். விழுங்கினாள். சோபாவுக்குப் பின்னால் போகிறாளா என்று நின்று பார்த்தேன், போகவில்லை.

நோட்டில் எழுதவில்லை. புதன்கிழமையும் கொடுத்தேன். இந்தப் பத்தியை மனைவி படிப்பதற்குள் டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட வேண்டும்.